ஃபேஷன் டிசைன் படிக்கிற கொங்குப் பிள்ளைகளுக்கு: பாதிப் படிப்பு காலேஜுக்கு வெளியேதான்

பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷனோ, பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜியோ, திருப்பூர் நிஃப்ட்-டீ ஃபேஷன் காலேஜோ, எதில் சேர்ந்திருந்தாலும் முதல் வாரம் எல்லோரும் வாங்குவது ஒரு பெரிய ஸ்கெட்ச் புக்கும் ஒரு கலர் பென்சில் செட்டும்தான். வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அதே வாரத்தில் ஒரு நல்ல கத்திரிக்கோல், இன்ச் டேப், நாலு மீட்டர் காடா துணி (வெளுக்காத, சாயம் போடாத பருத்தித் துணி) இதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஏனென்றால் மூன்றாம் வருஷம் வித்தியாசம் தெரிவது அங்கேதான். நான் திருப்பூரில், மாதிரி பீஸ் தைக்கிற ஒரு சாம்பிள் செக்ஷனில் இருக்கிறேன். வருஷா வருஷம் இன்டர்ன்ஷிப்புக்குப் பிள்ளைகள் வருவார்கள். யார் ரெண்டே வாரத்தில் வேலையைப் பிடித்துக்கொள்கிறார்கள், யார் கடைசி நாள் வரைக்கும் ஓரமாக நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து மனதில் சேர்ந்ததைத்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் படிப்பதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நாமே பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பஞ்சு நூலாகி, நூல் துணியாகி, சாயமேறி, பிரிண்ட் விழுந்து, தைத்து, பெட்டியில் அடைத்து லாரி ஏறுகிற வரைக்கும் உள்ள அத்தனை வேலையும் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்ற மூன்று ஊருக்குள்ளும் நடுவில் இருக்கிற சோமனூர், பல்லடம், அவிநாசி பக்கமுமே முடிந்துவிடுகிறது. வேறு ஊர் மாணவர்கள் இண்டஸ்ட்ரியல் விசிட் என்று ரயில் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவதை நீங்கள் சனிக்கிழமை டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். போகிறவர்கள்தான் குறைவு.

முதலில் மெஷின்

தைக்கத் தெரியாதவர் வரைந்த கவுனில் ஜிப் எங்கே வரும், தலை எப்படி உள்ளே போகும் என்பதற்குப் பதில் இருக்காது, ஜூரியில் (உங்கள் டிசைனை மதிப்பிடுகிற குழுவில்) உட்காருபவர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். வீட்டில் அம்மாவோ பாட்டியோ மிதித்த பழைய மெஷின் இருந்தால் எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி அதையே எடுங்கள், புதுசு வேண்டாம். பவர் மெஷின் வேகம் பழகுவதற்குக் காலேஜ் லேப் போதும். எந்த நேரத்தில் லேப் காலியாக இருக்கும் என்று அங்கே இருக்கிற அக்காவிடம் முதல் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், செமஸ்டர் கடைசியில் போனால் ஒரு மெஷினுக்கு நாலு பேர் நிற்பார்கள்.

நூல் கோக்காமல் பேப்பரில் கோட்டின் மேல் ஓட்டுவது, வளைவு, மூலையில் ஊசியை இறக்கி வைத்துத் திருப்புவது எல்லாம் லேபிலேயே சொல்லித்தந்துவிடுவார்கள். நீங்களாகச் செய்ய வேண்டியது வேறு: அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துத் தையல் தையலாகப் பிரியுங்கள். கத்திரியால் வெட்டக் கூடாது, சீம் ரிப்பரால் நூலை மட்டும் எடுக்க வேண்டும். பெரும்பாலும் கடைசியாகப் போட்ட தையல்தான் முதலில் பிரியும், அதனால் பிரிக்கப் பிரிக்க அந்தச் சட்டை எந்த வரிசையில் தைக்கப்பட்டது என்பது தலைகீழாக உங்கள் கையில் வந்துவிடும். காலர் முதலா காலர் பேண்டு முதலா, பட்டன் பட்டி எப்போது ஏறுகிறது, கையைப் பக்கத் தையலுக்கு முன்னால் ஏற்றினார்களா பின்னால் ஏற்றினார்களா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிரித்த துண்டுகளை அயர்ன் பண்ணி பேப்பரில் வைத்து வரைந்தால் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான பேப்பர் அச்சு, தயார். அதையே காடாவில் வெட்டித் தைத்துப் பார்த்துவிட்டால், ஒரு செமஸ்டர் முழுக்க கார்மென்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பரில் உங்களுக்குத் தலைவலி இருக்காது.

அப்புறம் உங்கள் தெருவில் இருக்கிற லேடீஸ் டெய்லர் அக்கா. டிகிரி படிக்கிற நமக்கு அவரிடம் என்ன என்று பல பேர் நினைக்கிறார்கள். டார்ட்டை, அதாவது உடம்பு வளைவுக்காகத் துணியில் பிடிக்கிற முக்கோண மடிப்பை, எந்தப் பக்கம் நகர்த்தினாலும் உடம்பின் வடிவம் அப்படியே நிற்கும் என்பதைப் புத்தகம் படம் போட்டு நாலு பக்கம் விளக்கும். அக்கா ஒரு சாதா பிளவுஸையும் டார்ட்டை நீளத் தையலுக்குள் ஒளித்த ஒரு பிரின்சஸ் கட் பிளவுஸையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுவார். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதம் போய் நிற்காதீர்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடையிலும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருக்கும், அப்போது போய் "அக்கா, ஹெம்மிங், ஊக்கு எல்லாம் நான் பண்ணித் தர்றனுங்க, நீங்க வெட்டறதை மட்டும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கறேன்" என்று கேளுங்கள். மாட்டேன் என்று சொல்கிறவர் ரொம்பக் குறைவு.

பனியன் துணி தைக்கும்போது ஊசியை மாற்ற மறக்க வேண்டாம், பால் பாயின்ட் ஊசி வேண்டும். கூர் ஊசி கண்ணியை அறுத்துவிடும், தைக்கும்போது தெரியாது, ஒரு வாஷ் போட்டதும் தையல் ஓரமாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருக்கும்.

துணியைக் கையால் படிக்க வேண்டும்

இன்டர்ன் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பேட்டர்ன் போடுவார்கள், சாஃப்ட்வேர் தெரியும், ஒரு துணியைக் கையில் கொடுத்து இது சிங்கிள் ஜெர்சியா இன்டர்லாக்கா (ரெண்டும் பனியன் துணி வகைகள்) என்று கேட்டால் முழிப்பார்கள். சிங்கிள் ஜெர்சிக்கு ஒரு பக்கம் முகம், மறுபக்கம் முதுகு. ஓரத்தை வெட்டி இழுத்தால் சுருண்டுகொள்ளும். இன்டர்லாக் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், சுருளாது. ரிப் என்ற இன்னொரு வகை அகலத்தில் நன்றாக இழுபடும், அதனால்தான் கழுத்துக்கும் கைமுனைக்கும் அதைப் போடுகிறார்கள். இதையெல்லாம் புத்தகத்தில் படித்து ஞாபகம் வைப்பதைவிட இருபது துணியைத் தொட்டுப் பார்ப்பது சுலபம்.

ஒரு ஸ்வாட்ச் புக் போடுங்கள். திருப்பூர் காதர்பேட்டை, ஈரோடு கனி மார்க்கெட், கோயம்புத்தூர் டவுன்ஹால், ஒப்பணக்காரத் தெரு என்று போகிற இடத்திலெல்லாம் ஒரு துண்டு கேட்டு வாங்கி ஒட்டி, பக்கத்தில் என்ன ஃபைபர், நூல் கவுன்ட் (நூல் எவ்வளவு மெல்லியது என்று காட்டும் எண்), ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு, கீழே சொல்கிறேன்), விலை, எந்தக் கடை என்று எழுதி வையுங்கள். கனி மார்க்கெட்டின் மொத்த வியாபாரச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாய் வரைக்கும் நடக்கும், அந்தக் கூட்டத்தில் போய் ஒரு துண்டு கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், எனவே மற்ற நாளில் போங்கள். காதர்பேட்டையில் ஆர்டரில் மிஞ்சிய பீஸ்கள் மலிவாகக் கிடைக்கும்; போட்டுக்கொள்ள வாங்குவதோடு பிரித்துப் பார்க்கவும் ஒன்று வாங்குங்கள். வெளிநாட்டுக்குப் போகிற டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டி உள்ளே எப்படி முடித்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே உங்கள் ஃபினிஷிங் மாறும்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். கம்பெனியில் இதற்கு வட்டமாக வெட்டுகிற கட்டர் இருக்கும், அது வெட்டுவது 100 சதுர செ.மீ. உங்களிடம் கட்டர் இல்லையென்றால் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாகத் துல்லியமாக வெட்டுங்கள், அதுவும் அதே 100 சதுர செ.மீ. தான். புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து, வருகிற எண்ணை 100-ஆல் பெருக்கினால் முடிந்தது: 1.60 கிராம் என்றால் 160 ஜிஎஸ்எம். இதைப் பழகிவிட்டால் கொஞ்ச நாளில் விரலால் தடவியே கிட்டத்தட்டச் சொல்லிவிடுவீர்கள்.

நெய்த துணி மீட்டர் கணக்கு, பனியன் துணி கிலோ கணக்கு. இது தெரியாமல் ப்ராஜெக்ட்டுக்குத் துணி வாங்கப் போய் ரெண்டு மடங்கு வாங்கி வருகிறவர்கள் உண்டு. 160 ஜிஎஸ்எம் துணி, விரித்த அகலம் 1.5 மீட்டர் என்றால் ஒரு மீட்டரின் எடை 240 கிராம், ஆகவே ஒரு கிலோவுக்கு நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கடைக்குப் போவதற்கு முன்னாலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

வாங்கிய துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு ஓரத்தில் 50 செ.மீ.க்கு 50 செ.மீ. சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். 48 ஆகிவிட்டதென்றால் 4 சதவீதம் சுருங்கியிருக்கிறது, பேட்டர்னில் அதைச் சேர்க்க வேண்டும். நீளத்துக்கும் அகலத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ரெண்டும் ஒரே அளவில் சுருங்காது. ஃபைபர் சந்தேகம் இருந்தால் நாலு இழை உருவி ஒரு தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி பேப்பர் மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும், பட்டு எரிந்தால் முடி கருகுகிற வாசனை அடிக்கும். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

கைத்தறி பக்கமும் போக வேண்டும். சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமுக்காளம், நெகமம் சேலை, சிறுமுகை பட்டு, கோவை கோரா காட்டன், எல்லாம் நம் வாசலில் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள், ஜமுக்காளத்தில் ஜாக்கெட் தைத்து டிசைன் கலெக்‌ஷன் என்று வைக்காதீர்கள். யாராவது ஒருவர் அதைச் செய்துகொண்டே இருக்கிறார்கள், போட்ட மாடல் கையைக் கீழே இறக்க முடியாமல் நடந்து வருகிறது. அந்தத் துணியின் கனத்துக்குப் பை, செருப்பு, உட்காருகிற மெத்தை உறை இதெல்லாம் பொருந்தும். தறிக்காரர் வீட்டுக்குப் போனால் குழித்தறியில் பாவு (நீளவாக்கில் கட்டிய நூல்) எப்படி ஏறியிருக்கிறது, ஒரு கலர் மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும், ஒரு நாளைக்கு எவ்வளவு நெய்ய முடியும் என்று கேளுங்கள், அதற்கேற்ற மாதிரி டிசைன் போடுங்கள். சாம்பிள் நெய்து தரச் சொன்னால் கேட்ட கூலியைக் கொடுத்துவிடுங்கள், பேரம் வேண்டாம்.

கம்பெனிக்குள் எப்படிப் போவது

நம் பக்கத்தில் யாருக்கும் பனியன் கம்பெனியில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாமல் இருக்காது. அவரைப் பிடியுங்கள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியின் பெயர் சர்டிஃபிகேட்டில் அழகாக இருக்கும், ஆனால் அங்கே உங்களை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஃபைல் அடுக்கச் சொல்லவும் வாய்ப்பு உண்டு. இருபது, முப்பது மெஷின் போட்டிருக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டில் (மற்ற கம்பெனிகளின் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துத் தருகிற இடம்) கட்டிங், சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று தையல் மெஷின் வேலைகள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே ஷெட்டில் கண் முன்னால் நடக்கும். முதல் இன்டர்ன்ஷிப்புக்கு என் ஓட்டு அதற்குத்தான். இரண்டாவதை சாம்பிள் செக்ஷன் இருக்கிற இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே போனதும் ஒன்றை நினைவில் வையுங்கள். டெய்லர்கள் பல பேருக்குப் பீஸ் ரேட். நீங்கள் பக்கத்தில் நின்று ஐந்து நிமிஷம் சந்தேகம் கேட்டால் அந்த அக்காவுக்கு அத்தனை பீஸ் கூலி போகும், சிரித்துக்கொண்டே பதில் சொன்னாலும் போகும். அதனால் வேலை நேரத்தில் பார்ப்பது, டீ டைமில் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சம்பள நாள், ஷிப்மென்ட் நெருங்குகிற நாள், இந்த ரெண்டிலும் யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம். பேட்டர்ன் மாஸ்டரிடம் "பேட்டர்ன் சொல்லிக் கொடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் அவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. "ஏனுங்க மாஸ்டர், இந்த ஸ்டைலுக்கு மட்டும் ஆர்ம்ஹோலை ஏன் இவ்வளவு மேலே ஏத்தியிருக்கீங்க?" என்று ஒரு குறிப்பிட்ட பீஸைக் காட்டிக் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவார். முடிந்தால் டெக் பேக்கையும் (ஒரு ஸ்டைலின் படமும் அளவுகளும் உள்ள குறிப்பு) அதற்குத் தைத்த சாம்பிளையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நீங்களே அளந்து பாருங்கள். நீளம் எல்லாம் எச்.பி.எஸ்ஸில் இருந்து, அதாவது தோளும் கழுத்தும் சேருகிற உச்சிப் புள்ளியில் இருந்து, எடுக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எங்கிருந்து அளக்கிறோம் என்பதில் குழம்பினால் மொத்த ஷீட்டும் தப்பாகிவிடும்.

புரோட்டோ (முதல் மாதிரி), ஃபிட் (பொருத்தம் பார்க்க), சைஸ் செட் (எல்லா சைஸிலும்), பிபி (மொத்தமாகத் தைப்பதற்கு முந்தையது) என்று ஒரே ஸ்டைலுக்கு எத்தனை சாம்பிள் போகிறது, ஒவ்வொன்றுக்கும் பையர் (ஆர்டர் தருகிறவர்) என்ன கமென்ட் எழுதுகிறார் என்பதைப் படித்துப் பாருங்கள், முடிந்தால் பழைய சீசன் மெயில்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், உள்ளே இருக்கிற எந்த ஸ்டைலையும் போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடாதீர்கள். கடைக்கு வராத டிசைன் வெளியே போனால் ஆர்டருக்கே ஆபத்து, உங்களை உள்ளே விட்ட மாமாவுக்கும் சங்கடம்.

சாயப்பட்டறைக்கும் ஒரு தடவை கேட்டுப் போய்ப் பாருங்கள். லேப் டிப், அதாவது சாய மாதிரி, என்று ஒரே நீலத்தில் நாலு துண்டு போட்டு அனுப்புவார்கள், பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகிற கலர் கடை லைட்டில் வேறாகத் தெரியும், அதற்காகத்தான் விதவிதமான வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிற லைட் பாக்ஸ். நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த விவகாரத்தில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது தெரிந்திருக்கும். அதற்கப்புறம் கழிவுநீர் ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் இயங்க முடியும் என்றாகிவிட்டது, அந்தச் செலவும் நீங்கள் வாங்குகிற துணியின் விலையில் இருக்கிறது. சஸ்டெயினபிள் கலெக்‌ஷன் என்று போர்டில் இலை படம் ஒட்டுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் டிசைனில் ஒரு கலரைக் குறைத்தால் ஒரு லேப் டிப், ஒரு சாய லாட் குறைகிறது. ஜூரியில் அப்படிச் சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

விலை சொல்லத் தெரிய வேண்டும்

கணக்குப் பிடிக்காததால் டிசைனுக்கு வந்தேன் என்று சிலர் சொல்வார்கள். இங்கேயும் கணக்கு உண்டு, நல்லவேளை, பெருக்கல் வகுத்தல்தான். ஒரு டி-ஷர்ட்: உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 22, தையலுக்கும் மடிப்புக்கும் 10, கூட்டினால் 102. மார்பு அகலம் 52, தையலுக்கு 4, ஆக 56. 102-ஐ 56-ஆல் பெருக்கி, முன்னும் பின்னுமாக ரெண்டால் பெருக்கினால் 11,424 சதுர செ.மீ. அதை 10,000-ஆல் வகுத்து 160 ஜிஎஸ்எம்மால் பெருக்கினால் ஏறத்தாழ 183 கிராம். வெட்டுகிற கழிவுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். துணி கிலோ 500 ரூபாய் என்றால் துணிக்கு மட்டும் 100 ரூபாய் ஆயிற்று. இதன் மேல் கட்டிங், தையல், லேபிள், பிரிண்ட், அயர்னிங், பேக்கிங். உங்கள் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் இப்படி ஒரு காஸ்டிங் ஷீட் பின்னால் ஒட்டுங்கள். கேட்காவிட்டாலும் ஒட்டுங்கள்.

போர்ட்ஃபோலியோ

வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஐம்பது பக்க போர்ட்ஃபோலியோவை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. நாலைந்து ப்ராஜெக்ட் போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச், துணித் துண்டு, முன் பின் ஃப்ளாட் டிராயிங் (உடுப்பைத் தட்டையாக விரித்த மாதிரி வரைகிற கோட்டுப்படம்), அளவு ஷீட், காடாவில் தைத்த முதல் மாதிரியின் போட்டோ, அதில் எதை மாற்றினீர்கள் என்ற குறிப்பு, கடைசி பீஸ், இத்தனையும் வரிசையாக இருக்கட்டும். அழகான இல்லஸ்ட்ரேஷனை இப்போது யாரும் எங்கிருந்தும் எடுத்துவிடலாம். தப்பான தோள்பட்டையைச் சரி பண்ணிய காடா சட்டையை அப்படி எடுக்க முடியாது. பின்ட்ரெஸ்ட் படத்தை அப்படியே இறக்குவது டீச்சருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், அவர்களும் அதே படங்களைத்தான் பார்க்கிறார்கள். சாஃப்ட்வேரில் கோரல் டிராவையும் இல்லஸ்ட்ரேட்டரையும் ஃப்ளாட் டிராயிங் சுத்தமாக வருகிற அளவுக்குப் பிடியுங்கள். பேட்டர்ன் கேட் (கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற சாஃப்ட்வேர்) எதுவாக இருந்தாலும், கையால் பேட்டர்ன் போடத் தெரிந்தவர் சீக்கிரம் பழகிக்கொள்வார். இங்கிலீஷில் நாலு வரி மெயில் தெளிவாக எழுதப் பழகுவதும் இதோடு சேர்த்தி, ஏனென்றால் இங்கே டிசைனர் என்று விளம்பரம் வருவதைவிட மெர்ச்சண்டைசர் (பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரை நடத்துகிறவர்), சாம்பிளிங், குவாலிட்டி என்று வருவதுதான் அதிகம், அதில் நுழைந்து டிசைனுக்கு வந்தவர்கள் நிறைய.

செலவு, வீடு, சைடு வருமானம்

"துணி தைக்கவா இவ்வளவு ஃபீஸ் கட்டறீங்க?" என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். செலவு மட்டும் நிஜம்தான், ப்ராஜெக்ட் செமஸ்டரில் துணியும் பட்டன், ஜிப் மாதிரி டிரிம்ஸும் பிரிண்ட்டும் கையைக் கடிக்கும். நாலு பேர் சேர்ந்து காடாவை மொத்தமாக வாங்குங்கள், பட்டன், ஜிப், எலாஸ்டிக் எல்லாம் டஜன், ரோல் கணக்கில் எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு ஃபிட்டிங்கை ஷோவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள், கடைசி ராத்திரி ஹெம்மிங் மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டாம் வருஷத்தில் இருந்து பிளவுஸ், ஆரி ஒர்க், ஆல்ட்டரேஷன் என்று சம்பாதிக்கலாம், பல பேர் ஃபீஸில் ஒரு பகுதியை இப்படித்தான் கட்டுகிறார்கள். ஆர்டர் எடுப்பதற்கு முன்னால் எக்ஸாம் டைம்டேபிளையும் முகூர்த்த நாட்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். அத்தை மகளாகவே இருந்தாலும் பாதி அட்வான்ஸ், ஒரு அளவு பிளவுஸ், எழுத்தில் ஒரு சீட்டு, இந்த மூன்றும் இல்லாமல் பட்டுத் துணியில் கத்திரி வைக்க வேண்டாம். டெலிவரி தேதியை முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள், கை பிடிக்குது, கழுத்து இறங்குது என்று ஒரு தடவையாவது திரும்பி வரும், அந்தப் பத்து நாள் அதற்குத்தான்.